கடை வாடகை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்க மறுக்கிறது

ஒரு தெருவில் பொருள் விலை அதிகமாக இருந்தால் நாம் சட்டென்று சொல்லும் காரணம், “அங்க வாடகை அதிகம், அதான் விலையும் அதிகம்” என்பதுதான். கடைக்காரர்களும் இதையே சொல்வார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் பொருளாதாரம் எழுதியவர்கள் இருநூறு ஆண்டுகளாக இதைத் தலைகீழாகச் சொல்லி வருகிறார்கள். அந்த இடத்தில் நல்ல விலைக்கு நிறைய விற்க முடிகிறது, அதனால்தான் அங்கே வாடகை அதிகம் என்பது அவர்கள் கட்சி.

1817-ல் டேவிட் ரிக்கார்டோ இதைத் தானியத்தை வைத்து விளக்கினார். இங்கிலாந்தில் தானிய விலை பெரிய அரசியல் சர்ச்சையாக இருந்த காலம் அது. நிலத்துக்குக் குத்தகை கொடுக்க வேண்டியிருப்பதால் தானியம் விலை ஏறவில்லை, தானியம் விலை ஏறியதால்தான் நிலத்துக்குக் குத்தகை கிடைக்கிறது என்றார் அவர். 1826-ல் ஜெர்மனியின் வான் தூனன், சந்தைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வைத்து நிலத்தின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று கணக்குப் போட்டார். 1964-ல் வில்லியம் அலோன்சோ இந்தச் சிந்தனையை நகரத்துக்குக் கொண்டுவந்தார். நகரத்தின் ஒவ்வொரு துண்டு இடத்துக்கும் ஓயாமல் ஒரு ஏலம் நடக்கிறது, அதிகம் கொடுக்க முடிந்தவர் அங்கே உட்காருகிறார் என்பது அவர் போட்ட வழி.

இந்த ஏலத்தில் ஒருவர் எவ்வளவு வரை கேட்க முடியும்? அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மிச்சம்தான் வாடகை

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, வெறும் எண்களாகவே வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள். முதலாமவர் மளிகை வியாபாரி. அவரால் அங்கே மாதம் 100-க்கு விற்க முடியும். கொள்முதலுக்கு 82 போய்விடும். ஆள் சம்பளம், மின்சாரம், இதரச் செலவு 10. தன் உழைப்புக்கும் போட்ட முதலுக்கும் 4-ஆவது கிடைக்காவிட்டால் அவர் இந்தத் தொழிலுக்கே வர மாட்டார். எல்லாம் போக மிஞ்சுவது 4. அதற்கு மேல் வாடகை கொடுத்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

இரண்டாமவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைக்க நினைப்பவர். அவருக்கு விற்பனை 60-தான். ஆனால் கொள்முதல் 30, இதரச் செலவு 14, அவர் எதிர்பார்க்கும் லாபம் 6. மிஞ்சுவது 10. ஆக, குறைவாக விற்பவர்தான் அதிக வாடகை தர முடிந்தவர். கொழுத்த மார்ஜின் (விற்பனைக்கும் கொள்முதலுக்கும் உள்ள இடைவெளி) உள்ள வியாபாரங்கள் முக்கியத் தெருவைப் பிடித்துக்கொள்வதும், மளிகையும் இரும்புச் சாமானும் பின் தெருவுக்குப் போவதும் இப்படித்தான் நடக்கிறது. மார்ஜின் குறைந்த பெரிய மளிகை அங்காடிகள் விற்பனையில் மிகச் சில சதவீதத்தைத்தான் வாடகைக்கு ஒதுக்க முடியும். ஆடைக் கடைகள் 10 சதவீதத்தைத் தாண்டியும் கொடுத்துவிட்டுத் தாக்குப்பிடிக்கும்.

சரி, வாடகை 4-க்கும் 10-க்கும் நடுவில் எங்கே நிற்கும்? கண்ணாடிக் கடைக்காரர் ஒரே ஒருவர் என்றால், மளிகைக்காரரைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலே அவருக்கு இடம் கிடைத்துவிடும். அவரைப் போலவே இன்னும் நான்கு பேர் வரிசையில் நின்றால் வாடகை 10-ஐ நெருங்கும். எதிர்ப்பக்கம் இதே மாதிரி ஆறு கடைகள் காலியாகக் கிடந்தால் மறுபடி கீழே வரும். உரிமையாளர் பேராசைக்காரரா, தங்கமானவரா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. பேராசை எல்லாத் தெருவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது; வாடகைதான் தெருவுக்குத் தெரு மாறுகிறது.

இதில் இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. கண்ணாடிக் கடையின் விற்பனை 10 சதவீதம் குறைந்து 54 ஆகிறது என்று வையுங்கள். கொள்முதலும் அதற்கேற்ப 27 ஆகும். ஆனால் சம்பளமும் மின்கட்டணமும் விற்பனையோடு சேர்ந்து குறையாது, 14 அப்படியே நிற்கும். லாபம் 6 வேண்டும். மிச்சம் 7. விற்பனை 10 சதவீதம் சரிய, வாடகை தரும் சக்தி 30 சதவீதம் சரிந்துவிட்டது. விற்பனை 66-க்கு ஏறினால் இதே கணக்கில் மிச்சம் 13, அதாவது 30 சதவீத ஏற்றம். நகரத்தின் பொருளாதாரம் கொஞ்சம் அசைந்தாலே கடை வாடகை துள்ளக் காரணம் இதுதான். அது எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சும் எச்சம், எச்சத்தின் மேல்தான் எல்லா ஆட்டமும் வந்து விழும்.

இனிமேல் சொல்லப்போகும் எந்தக் காரணத்தையும் இரண்டே கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். கடைக்காரரின் மிச்சத்தை அது கூட்டுகிறதா, குறைக்கிறதா? பேரம் பேசும் இரண்டு பேரில் யாருக்கு வேறு வழி அதிகமாகிறது?

நடமாட்டமும் அண்டைக் கடைகளும்

கடை வாடகை என்றாலே ஆள் நடமாட்டம் என்பார்கள். உண்மைதான், ஆனால் தலையை எண்ணினால் மட்டும் போதாது. ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஆயிரம் பேரைவிட, மாலையில் நிதானமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிற இருநூறு பேர் துணிக் கடைக்கு மேல். தினசரியும் தின்பண்டமும் விற்பவருக்கு அந்த ஓடுகிற ஆயிரம் பேர்தான் தேவை. எந்தத் தொழிலுக்கு எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்து ஒரே இடத்துக்கு ஆளாளுக்கு வேறு மதிப்பு.

ஒரே கடைக்குள்ளும் மதிப்பு சீராக இருப்பதில்லை. பிரிட்டனில் மதிப்பீட்டாளர்கள் கடையை முகப்பிலிருந்து 20 அடி ஆழமுள்ள பட்டைகளாகப் பிரிப்பார்கள். முதல் 20 அடிக்கு முழு மதிப்பு, அடுத்த 20 அடிக்குப் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி. உள்ளே போகப் போக வாடிக்கையாளர் வருவது குறையும் என்ற அனுபவத்தை அப்படியே கணக்காக்கிவிட்டார்கள். அகலமான முகப்பும் மூலைக் கடையும் ஏன் விலை போகின்றன, அதே சதுர அடி இருந்தும் நீண்டு ஒடுங்கிய கடை ஏன் மலிவு என்பது இதில் விளங்கும். மாடிக் கடைக்கும் இதே கதைதான். ஏறி வர வேண்டும் என்றாலே பாதிப் பேர் வர மாட்டார்கள். பல் மருத்துவர் மாதிரி, தேடி வருகிற வாடிக்கையாளர் உள்ளவர்தான் மாடிக்குப் போவார்.

ஒரே பொருளை விற்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவர் வியாபாரத்தை இன்னொருவர் கெடுப்பார் என்று தோன்றும். பல தொழில்களில் நேர்மாறாக நடக்கிறது. லண்டனின் ஹாட்டன் கார்டனில் நகைக் கடைகள், டோக்கியோவின் அகிஹபராவில் மின்னணுக் கடைகள். நகை வாங்குகிறவர் நான்கு கடை ஏறி இறங்கிப் பார்க்க விரும்புவார். நான்கும் ஒரே இடத்தில் இருந்தால் அவர் அலைச்சல் மிச்சம், அதற்காகவே தொலைவிலிருந்தும் வருவார். வந்தவர்களைப் போட்டியாளர்கள் பங்கு போட்டுக்கொண்டாலும், தனியாக இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஒவ்வொருவருக்கும் அதிகம் கிடைக்கிறது. அந்த அதிகம் எங்கே போய்ச் சேரும்? பெரும்பகுதி வாடகையில்தான். அந்தத் தெருவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் கடைக்காரர்கள், அறுவடை செய்கிறவர் கட்டடக்காரர் என்ற மனக்குறை எல்லா ஊரிலும் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

மால்களில் இந்த நன்மைக்கு வெளிப்படையாகவே விலை வைக்கிறார்கள். கூட்டத்தை இழுத்து வருகிற பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி இருக்கும் சிறிய கடைகளுக்கு அதிகம். அமெரிக்க மால்களை ஆராய்ந்து 1998-ல் பீட்டர் பஷிகியன், எரிக் கூல்ட் இருவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. பெரிய கடைக்குக் கிடைப்பது ஒருவகை மானியம், அதைக் கொடுப்பது சிறிய கடைகள். ஒட்டுமொத்த மாலும் ஒரே கையில் இருப்பதால் இது சாத்தியம். சாதாரணத் தெருவில் ஒவ்வொரு கட்டடமும் ஒருவருடையது, பக்கத்துக் கடைக்காகத் தன் வாடகையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லண்டனின் ரீஜன்ட் தெரு மாதிரி, பெரும்பகுதி ஒரே உரிமையில் உள்ள தெருக்களில் மட்டும் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று திட்டமிட முடிகிறது.

பெரிய கடை வெளியேறினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். அமெரிக்க மால்களில் பல சிறிய கடைகள், “பெரிய கடை மூடினால் எங்கள் வாடகையைக் குறைக்க வேண்டும்” என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கின்றன. ஒரு பெரிய கடை சாய்ந்தால் மாலின் மொத்த வருமானமும் சரிவதற்கு இந்த ஒரு வரியும் காரணம்.

யாருடைய பணம்

நகரத்து மக்களின் வருமானமும் வேலைவாய்ப்பும் உயர்ந்தால் விற்பனை உயரும், வாடகை உயரும். இதில் விளக்க அதிகமில்லை. கவனிக்க வேண்டியது செலவழிக்க மீதமிருக்கும் வருமானத்தை. வீட்டு வாடகையும் கடன் தவணையும் வேகமாக ஏறும் நகரத்தில் சம்பளம் உயர்ந்தாலும் கடைத்தெருவுக்கு வந்து சேரும் பணம் உயராமல் போகலாம். வீட்டு உரிமையாளரும் கடை உரிமையாளரும் நகரவாசியின் ஒரே சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சில தெருக்கள் சொந்த ஊர்ப் பணத்தில் ஓடுவதே இல்லை. ஹாங்காங்கின் காஸ்வே பே பகுதி நல்ல உதாரணம். சீனப் பெருநிலத்து மக்கள் குழுவாக இல்லாமல் தனியாகவும் ஹாங்காங் வரலாம் என்று 2003-ல் அனுமதி வந்தது. கைக்கடிகாரம், நகை, அழகுசாதனம் வாங்க ஆட்கள் குவிந்தார்கள். மார்ஜின் கொழுத்த இந்தக் கடைகள் போட்டி போட்டு வாடகையை ஏற்றின. 2012-ல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவை முந்தி, உலகிலேயே கடை வாடகை அதிகமுள்ள இடமாகக் காஸ்வே பே பட்டியலில் ஏறியது. பிறகு 2019-ல் போராட்டங்கள், 2020-ல் எல்லை மூடல். வாங்க வருபவர்கள் நின்றார்கள், வாடகை விழுந்தது. கட்டடம் அதே கட்டடம், தெரு அதே தெரு. மாறியது வருகிறவரின் பணம் மட்டும்தான். 2024-ல் அந்தப் பட்டியலின் முதலிடம் மிலான் நகரின் மோன்டேநபோலியோனே தெருவுக்குப் போனது. அதுவும் வெளிநாட்டுச் செல்வந்தர்களை நம்பி இருக்கும் தெரு.

இப்படிப்பட்ட தெருக்களில் நாணய மதிப்பும் வரிச் சலுகையும்கூட வாடகையில் வந்து நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் வாங்கிய பொருளுக்கான வரியைத் திருப்பித் தரும் திட்டத்தை 2021 தொடக்கத்தில் பிரிட்டன் நிறுத்தியபோது, லண்டனின் ஆடம்பரக் கடைகள் போட்ட சத்தத்துக்குக் காரணம் அதுதான். வாங்குகிறவர்கள் பாரிஸ் போய்விடுவார்கள் என்பது அவர்கள் கவலை.

ஆடம்பரக் கடைகள் விஷயத்தில் நம்முடைய மிச்சக் கணக்கு கொஞ்சம் தடுமாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகப் புகழ் பெற்ற தெருவில் ஒரு பிராண்ட் கடை போடுவது அந்தக் கடையின் விற்பனைக்காக மட்டும் இல்லை. அது ஒரு விளம்பரப் பலகையும்கூட. அந்த வாடகையில் ஒரு பகுதி விளம்பரச் செலவுக் கணக்கில் போகும். ஆகவே நஷ்டத்தில் ஓடும் கடைக்கும் அவர்கள் மனதறிந்து பெரிய வாடகை கொடுப்பார்கள். பக்கத்தில் அதே வாடகையைக் கட்ட நினைக்கும் சாதாரண வியாபாரிதான் மாட்டிக்கொள்வார்.

இடம் எவ்வளவு இருக்கிறது

வாடகை ஏறினால் புதிதாகக் கடைகள் கட்டுவார்கள், வாடகை தணியும் என்பது பாடப்புத்தக வாதம். ஊருக்கு வெளியே இது உண்மை. நிலம் இருக்கிறது, மால் எழும்பும். ஆனால் பழைய கடைவீதியின் நடுவில் இன்னொரு கட்டடத்தை எங்கே நுழைப்பது? அங்கே கிராக்கி கூடினால் முழுவதும் வாடகையாகவே வெளிப்படும். எந்த இடத்தில் கடை வைக்கலாம், எத்தனை மாடி கட்டலாம் என்ற நகரத் திட்ட விதிகள் இந்த இறுக்கத்தை இன்னும் கூட்டுகின்றன.

கட்ட முடிந்த இடத்திலும் காலதாமதம் ஒரு சிக்கல். நிலம், அனுமதி, கடன், கட்டுமானம் என்று சில ஆண்டுகள் ஓடும். வியாபாரம் சூடாக இருக்கும்போது பத்துப் பேர் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்குவார்கள். முடியும்போது சூடு தணிந்திருக்கும். கட்டியதை இடித்துவிடவும் முடியாது. ஆகவே கடை இடம் தட்டுப்பாட்டிலிருந்து மிகுதிக்கும், மிகுதியிலிருந்து தட்டுப்பாட்டுக்கும் ஊசலாடும். தலைக்கு எவ்வளவு கடைப் பரப்பு என்று பார்த்தால் உலகத்தில் முன்னிலையில் இருப்பது அமெரிக்கா. அங்கே பாழடைந்த மால்கள் இவ்வளவு தென்பட, அளவுக்கு மீறிக் கட்டியதும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் இணையத்தின் மேல் போட முடியாது.

புதிய மெட்ரோ பாதை மாதிரியான பொது முதலீடு வரும்போது வேறொரு வேடிக்கை. வேலை நடக்கும் ஆண்டுகளில் சாலை தோண்டிக் கிடக்கும், வியாபாரம் படுக்கும். அந்த நஷ்டம் கடைக்காரருடையது. நிலையம் திறந்து நடமாட்டம் கூடிய பிறகு, அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் அந்த லாபம் வாடகையாக மாறி உரிமையாளரிடம் போகும்.

வட்டி விகிதமும் காலிக் கடைகளும்

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். கடைத்தெருவில் வரிசையாக ஷட்டர் மூடிக் கிடக்கிறது, “வாடகைக்கு” என்ற பலகை தொங்குகிறது, கேட்டால் சொல்லும் வாடகை மட்டும் குறைவதில்லை. காலியாகக் கிடப்பதைவிடக் குறைந்த வாடகைக்கு விட்டால் என்ன? உரிமையாளருக்குப் புத்தி இல்லையா?

பெரும்பாலும் இருக்கிறது. ஒரு கணக்கு. கடைக்கு மாத வாடகை 10 என்று உரிமையாளர் எதிர்பார்க்கிறார். இன்று கிடைப்பதோ 8. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு, நடுவில் மாற்ற முடியாது. இன்றே 8-க்கு விட்டால் 60 மாதத்தில் 480 வரும். ஓராண்டு காலியாகப் போட்டுவிட்டு அப்புறம் 10-க்கு விட்டால் 48 மாதத்தில் அதே 480 வரும். அதாவது, ஓராண்டுக்குள் நல்ல வாடகைதாரர் வருவார் என்ற நம்பிக்கை இருந்தால் காத்திருப்பது முட்டாள்தனம் இல்லை. ஒப்பந்தம் பத்தாண்டு என்றால் காத்திருப்பதில் லாபமே இருக்கிறது: 960-க்கு எதிரே 1080. நீண்ட ஒப்பந்தங்கள் வழக்கத்தில் உள்ள நகரங்களில் காலிக் கடைகள் நீண்ட நாள் காலியாகவே கிடக்க இது ஒரு காரணம். வட்டி அதிகமாக இருந்தால், அல்லது பராமரிப்பும் வரியும் கைக்காசைத் தின்றால், காத்திருக்கும் பொறுமை குறையும்.

இரண்டாவது காரணம் வங்கி. கடைக் கட்டடத்தின் விலையை அது தரும் வாடகையை வைத்தே மதிப்பிடுவார்கள். மாதம் 10 என்றால் ஆண்டுக்கு 120. முதலீட்டாளர்கள் 5 சதவீத வருமானம் எதிர்பார்த்தால் கட்டடத்தின் மதிப்பு 2400. அதன் மேல் 1440 கடன் வாங்கியிருக்கிறார் உரிமையாளர், அதாவது மதிப்பில் 60 சதவீதம். இப்போது வாடகையை 8 ஆக்கினால் மதிப்பு 1920 ஆகிவிடும். கடன் மதிப்பில் 75 சதவீதம் ஆகிவிட்டது. “கூடுதல் பணம் கட்டு” என்று வங்கி கேட்கலாம், அடுத்த முறை கடனைப் புதுப்பிக்க மறுக்கலாம். காலியாகக் கிடந்தாலாவது “சந்தை வாடகை 10, ஆள் வர வேண்டியதுதான் பாக்கி” என்று சொல்லிச் சில காலம் ஓட்டலாம். 8-க்கு எழுதிய ஒப்பந்தம் கையும் களவுமான சாட்சி.

அதனால்தான் வாடகைக்குப் பதில் வேறு சலுகைகள் தருகிறார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மாதம் 10 என்றே எழுதிவிட்டு முதல் 12 மாதம் இலவசம் என்றால், உண்மையில் மாதத்துக்கு 8-தான் வருகிறது. உள் அலங்காரச் செலவை உரிமையாளர் ஏற்பதும் இந்த வகைதான். ஏட்டில் 10, கைக்கு வருவது 8. வாடகை நிலவரம் என்று வெளியாகும் எண்கள் பல நேரம் அந்த ஏட்டு வாடகையைத்தான் சொல்கின்றன. சந்தை சரியும்போது அவை சரிவைக் குறைத்துக் காட்டும்.

வட்டி விகிதத்துக்கு இதில் இரண்டு வேடம். வட்டி ஏறினால் முதலீட்டாளர் கட்டடத்திலிருந்தும் அதிக வருமானம் எதிர்பார்ப்பார். 5-க்குப் பதில் 6 சதவீதம் என்றால், வாடகை ஒரு காசும் மாறாமலே 2400 மதிப்புள்ள கட்டடம் 2000 ஆகிவிடும். வாடகை வேறு, கட்டட விலை வேறு என்பதைப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் எதிர்த்திசையில்கூடப் போகும். இன்னொரு வேடம் மெதுவானது. வட்டி ஏறினால் தவணைக் கடனில் பொருள் வாங்குகிறவர்கள் குறைவார்கள், விற்பனை குறையும், மிச்சம் குறையும். மறுபக்கம், கட்டுமானக் கடன் கட்டுப்படியாகாமல் புதிய கடைகள் கட்டப்படுவதும் நிற்கும். சில ஆண்டுகள் கழித்து அதே தட்டுப்பாடு வாடகையை ஏற்றும். உரிமையாளருக்கு வட்டி கூடிவிட்டது, அதனால் வாடகையை ஏற்றுவார் என்று எண்ண வேண்டாம். ஏற்ற ஆசைப்படலாம். வாடகைதாரரின் மிச்சம் கூடாதபோது அந்த ஆசைக்கு யார் பணம் கொடுப்பது?

இணையம் எதைத் தின்றது

அமெரிக்காவில் 2000-ல் மொத்தச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2024-ல் சுமார் 16 சதவீதம். மீதி 84 சதவீதம் இன்னும் கடைகளில்தான் நடக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் முன்பு பார்த்த கணக்கை நினைவில் வையுங்கள். விற்பனையில் 10 சதவீதம் போனால் வாடகைச் சக்தியில் 30 சதவீதம் போகும். தவிர, விலையைக் கைபேசியில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதால் கடையில் நின்று வாங்குகிறவரும் மார்ஜினை நெரிக்கிறார்.

அடி எல்லோருக்கும் சமமாக விழவில்லை. புத்தகம், இசைத்தட்டு, மின்னணுப் பொருள் விற்ற கடைகள் முதலில் போயின. முடி திருத்தகம், பல் மருத்துவம், உடற்பயிற்சிக் கூடம், உணவகம் மாதிரி நேரில் வந்தே ஆக வேண்டிய தொழில்கள் அந்த இடங்களுக்கு வந்தன. இவர்களில் பலருடைய மிச்சம் முன்பு இருந்த கடைகளின் மிச்சத்தைவிடக் குறைவு. இடம் நிரம்பும், வாடகை பழைய உயரத்துக்குப் போகாது. அதோடு, நல்ல தெருவுக்கும் சுமாரான தெருவுக்கும் இடைவெளி அகன்றுவிட்டது. முன்பு இருபது கிளை வைத்திருந்த நிறுவனம் இன்று ஐந்து போதும் என்கிறது. அந்த ஐந்தையும் மிகச் சிறந்த தெருக்களிலேயே வைக்கப் பார்க்கிறது. அடிபடுவது நடுத்தரத் தெருக்கள்தான்.

ஒப்பந்தம் எழுதும் விதம்

சட்டமும் வழக்கமும் வாடகையை எந்த அளவுக்கு இழுக்கின்றன என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நீண்ட கால மட்டத்தை அவை அதிகம் மாற்றுவதில்லை, அந்த மட்டத்துக்கு வாடகை எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது, நடுவில் யார் நஷ்டப்படுகிறார் என்பதைத்தான் மாற்றுகின்றன என்பது என் கணிப்பு.

பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்த ஒரு வழக்கத்தைப் பாருங்கள். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையை மறுபரிசீலனை செய்வார்கள், ஆனால் அது ஏறத்தான் முடியும், இறங்க முடியாது. சந்தை சரிந்தாலும் பழைய வாடகைதான். அயர்லாந்திலும் இதே முறை இருந்தது. 2008 நெருக்கடியில் விற்பனை சரிந்தபோதும் உச்சத்தில் எழுதிய வாடகையைக் கட்ட முடியாமல் கடைக்காரர்கள் திணறினார்கள். 2010 பிப்ரவரி 28 முதல் எழுதும் புதிய ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை செல்லாது என்று அந்நாட்டுச் சட்டம் ஆக்கியது. பழைய ஒப்பந்தங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஆகவே ஒரே தெருவில் ஒரே மாதிரிக் கடைக்கு இரண்டு விதமான வாடகை.

பிரான்சில் ஏற்றத்தை, விலைவாசி போன்றவற்றின் மாற்றத்தை அளக்கும் ஒரு குறியீட்டெண்ணோடு கட்டிப்போடும் முறை உண்டு. கடை வாடகைக்கென்றே தனிக் குறியீட்டெண் ஒன்றை 2008-ல் கொண்டுவந்தார்கள். பணவீக்கக் காலத்தில் இது உரிமையாளருக்குப் பாதுகாப்பு. கடைக்காரருக்கோ, தன் விற்பனை விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஏறாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு மிச்சம் தேயும். வாடகைக்கு நேரடியாக உச்சவரம்பு வைத்தவர்களும் உண்டு. நியூயார்க் 1945 முதல் 1963 வரை கடை, அலுவலக வாடகைகளைக் கட்டுப்படுத்தியது.

மால்களில் வழக்கமாக உள்ள விற்பனைப் பங்கு வாடகை எனக்கு இவற்றில் நேர்மையானதாகத் தோன்றுகிறது. ஒரு சிறிய அடிப்படை வாடகை, விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகையில் குறிப்பிட்ட சதவீதம். கூட்டம் வராத மாதத்தில் உரிமையாளரும் கொஞ்சம் பட்டினி கிடக்க வேண்டும், அதனால் கூட்டம் வர அவரும் பாடுபடுவார். இதில் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பல கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. கடையில் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குகிறவரின் விற்பனையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டையும் இப்போது சேர்ந்துவிட்டது. வாங்கிய துணியை அளவு சரியில்லை என்று கடையில் கொண்டுவந்து திருப்பினால், அதை அந்தக் கடையின் விற்பனையிலிருந்து கழிப்பதா கூடாதா என்றுகூட வழக்கறிஞர்கள் ஒப்பந்தத்தில் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.